16 நிறங்களில் தோ பாயோ டிராகன்

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் ஒன்று போட்டிருந்தார். கோட்டை, மின்னல், நெருப்பு கக்கும் டிராகன். ஏஐ-யிடம் கேட்டு வாங்கிய படத்தை ஒரு மென்பொருளில் போட்டுச் சுருக்கி, கமடோர் 64 கணினியின் 16 நிறங்களுக்கு மாற்றியிருந்தார். "அண்ணே, ரெட்ரோ ஆர்ட் எப்படி?" என்று கேட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஏன் என்று அங்கே நாலு வரியில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கமடோர் 64 வந்தது 1982-இல். மொத்தம் 16 நிறங்கள், அவற்றையும் மாற்ற முடியாது. ஓவியர்கள் அதிகம் பயன்படுத்தும் பலநிற முறையில் திரை 160-க்கு 200 புள்ளி (பிக்சல்); ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி படுத்துக் கிடக்கும். திரை 1,000 கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்துக்குள் 4 நிறம்தான் வரலாம். அந்த நாலில் ஒன்று திரை முழுவதற்கும் பொதுவான பின்னணி நிறம், ஆகவே கட்டத்துக்குச் சொந்தமாக மூன்று. அதே ஆண்டு பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இன்னும் கறார். 256-க்கு 192 புள்ளி, 768 கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டே நிறம். பச்சை மரத்தின் முன்னால் சிவப்புச் சட்டைக்காரன் நடந்து போனால், அவன் நுழைந்த கட்டத்தில் மரமும் சிவந்துவிடும்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் கோலத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. கோலத்தில் புள்ளி வழிகாட்டும், கோடுதான் கோலம். இங்கே புள்ளியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. எனக்கு நெருக்கமாகத் தெரிவது கட்டம் போட்ட கைலி. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். ஒரு கட்டத்தில் அந்த இரண்டு நூலும்தான் சந்திக்கும், மூன்றாவது நிறம் உள்ளே வர வழியே இல்லை. ஸ்பெக்ட்ரத்தின் சட்டமும் அச்சு அசலாக இதுதான். இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் கைலி வாங்கப் போனால் கடைக்காரர் பத்து கைலியை விரித்துப் போடுவார். பத்தும் ஒரே விதிக்குள் நெய்தவை. அப்பா ஒன்றைத் தொட்டுப் பார்த்து "இது நல்லாருக்கு" என்பார், மற்ற ஒன்பதும் மடித்து உள்ளே போகும். அந்த ஒன்றில், எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூலை விடலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

தம்பியின் படத்தில் அப்படி யாரும் யோசிக்கவில்லை. மென்பொருள் செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு புள்ளிக்கும் 16-இல் நெருங்கிய நிறத்தைப் பிடிக்கும், பிசகிய அளவை அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் சமன் செய்யும். ஃப்ளாய்ட், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட முறை, இன்றுவரை ஓடுகிறது. கெட்டிக்காரத்தனமான கணக்கு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு டிராகனின் கண்ணும் கோட்டைச் சுவரும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே கவனம், ஒரே புள்ளித் தூவல். கையால் வரைகிறவன் சுவரை அப்படியே விட்டுவிட்டு, கண் இருக்கும் அந்த ஒரு கட்டத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டுவான். எதைக் கைவிடலாம் என்று தெரிவதைத்தான் நான் ரசனை என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குப் பிடிக்காது. கட்டுப்பாடு இருந்தால் கற்பனை தானாக ஊறும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை நம்பவில்லை. 80-களிலும் 90-களிலும் ஐரோப்பாவின் டெமோசீன் இளைஞர்கள் (கணினி நிரலால் படமும் இசையும் படைத்துப் போட்டியிடும் குழுக்கள்) இந்தக் கணினிகளில் செய்துகாட்டிய வேலை அசாத்தியமானது. பின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் அதைத் தங்கள் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தன. அந்த மரபின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலப் படங்களை வரிசையாகப் பாருங்கள்: வாளேந்திய பெண், தசை முறுக்கிய வீரன், டிராகன். அமெரிக்க ஃபேண்டஸி ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகப் பெயர்த்தவை நிறைய. கை பழக அது நல்ல வழி. நானும் அப்படித்தான் பழகினேன். ஆனால் 10,001 பைட்டுக்குள் ஒரு முழுப் படத்தை அடக்கத் தெரிந்தவனுக்கு, எதை வரைவது என்று மட்டும் அடுத்தவன்தான் சொல்லித்தர வேண்டுமா?

டிராகன்தான் வேண்டுமென்றால் நமக்கு ஒன்று இருக்கிறது. தோ பாயோ வட்டாரத்தில், லோரோங் 6 என்ற தெருவில், 1979-இல் கட்டிய விளையாட்டுத் திடல். வீவக-வில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வேலை பார்த்த கோர் இயன் கீ வடிவமைத்தது. செம்மஞ்சள் தலை, முதுகெலும்பாக இரும்பு வளையங்கள், கீழே மணல். தலை முழுக்கச் சின்னச் சின்ன ஓடுகள் பதித்திருக்கும். சிறுவனாக அதன் கழுத்தில் ஏறி உட்கார்ந்து அந்த ஓடுகளை விரலால் எண்ணியிருக்கிறேன். கிட்டே போனால் வெறும் சதுரங்கள், நாலடி தள்ளி நின்றால் டிராகன்.

இரண்டு மாதமாக அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன், மல்டிபெயிண்ட் என்ற மென்பொருளில். அது பழைய கணினிகளின் விதியை மீற விடாது. கட்டத்தில் ஒரு நிறம் கூடுதலாக வைத்தால் ஏற்கெனவே இருப்பது ஒன்று போய்விடும். தலையின் நிழல் பக்கம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் பழுப்பை வைத்தேன், துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. சிவப்பை வைத்தேன், தக்காளி. கடைசியில் ஊதாவை வைத்துப் பார்த்தேன். கமடோரின் 16 நிறங்களில் செம்மஞ்சளும் ஊதாவும் ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை. இரண்டையும் சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைத்தால் கண்ணுக்குப் புள்ளி உறுத்தாது, நிறம் மட்டும் கலங்கும். ஏழு மணிக்கு, விளக்கு போடுவதற்குச் சற்று முன்னால் அந்தத் திடலில் இருக்குமே ஒரு நேரம், அது வந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூலையில் "மணல்" என்று எழுத நினைத்தேன். அங்கே மாட்டியது மூன்று சுழி ண. ஒரு கட்டத்தின் அகலத்தில் அந்த எழுத்து உட்காரவே மாட்டேன் என்கிறது. சுழிக்குள் ஒரு புள்ளியாவது வெற்றிடம் வேண்டும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு புள்ளி வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு சுழி விழுந்து "மனல்" ஆகிவிடுகிறது. லத்தீன் எழுத்தை மனதில் வைத்து வகுத்த கட்டம் அது. நான் இரண்டு கட்டம் எடுத்துக்கொண்டேன். "ம" ஒரு கட்டம், "ண" இரண்டு, "ல்" ஒன்று. சொல்லின் நடுவே ஒரு வயிறு புடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் நம் கையெழுத்திலும் ண அப்படித்தானே விரிந்து நிற்கும்?

தம்பிக்கு இதையெல்லாம் குரல் பதிவாக அனுப்பினேன். "ஒரு படத்துக்கு ரெண்டு மாசமாண்ணே?" என்றார். ஆமாம் தம்பி. உங்கள் கோட்டையை அழித்துவிட்டு, நீங்கள் தினமும் இறங்கும் புளோக் படிக்கட்டை வரையுங்கள். 16 நிறத்தில், கையால். மோசமாக வந்தால் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். அந்த மோசமான படத்தைத்தான் நான் பெரிதாக்கி உட்கார்ந்து பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் என் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தலை அதேதான்ப்பா. ஆனா வால் பக்கம் இவ்வளவு வெளிச்சம் இருக்காதே. சாயங்காலம் புளோக் நிழல் அங்க வந்து விழும், அந்த நிழல்லதான் உங்கம்மா உட்கார்ந்திருப்பா" என்றார்.

நேற்று வால் பக்கத்தில் 14 கட்டங்களை அழித்துவிட்டேன். நிழலுக்குள் கிடக்கும் மணலுக்கு என்ன நிறம் என்று இன்னும் பிடிபடவில்லை. நீலம் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறேன்.