யுத்தம்னா அப்படித்தான் என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக் கல்யாணப் பந்தியில் நடந்ததைப் பார்த்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். முழுக்கதையும் வேண்டாம். "யுத்தம்னா அப்படித்தான் இருக்கும், பட்டாளத்தான் மேல கேஸ் போட்டா நாளைக்கு எவன் சண்டைக்குப் போவான், செம்மணியை எதுக்கு இன்னும் தோண்டிக்கிட்டு" என்று அந்தப் பெரியவர் இலங்கை யுத்தத்தையும் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியையும் பற்றிப் பேசியது, நாங்கள் கேம்ப் அக்கா என்று கூப்பிடும் இலங்கை அகதிப் பெண் உட்கார்ந்திருந்த அதே வரிசையில். அக்கா சோற்றில் சாம்பாரைப் பிசைந்து வைத்திருந்தார். ஒரு வாய்கூட எடுக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை.

யுத்தம் வேறு, கொலை வேறு. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் செத்த எட்டுப் பேர் துப்பாக்கியோடா போனார்கள்? இடம்பெயர்ந்த சனம், விட்டுவந்த வீடு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கப் போனவர்கள், அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் உண்டு. கொன்று மலக்குழியில் போட்டார்கள். ஒருவர் காயத்தோடு தப்பி ஓடிவந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. தீர்ப்பு வர 2015 ஆனது, நான்கு ராணுவத்தினர் விடுதலை, ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நாமெல்லாம் கொரோனா ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். அன்றைக்கு அக்கா போன் பண்ணினார். "அவனை விட்டிட்டினமாம் தம்பி." அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

செம்மணியைத் தோண்டச் சொன்னது யார் என்றாவது அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? 1996இல் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய பள்ளிப் பிள்ளையை ராணுவக் காவலரணில் மறித்துச் சீரழித்துக் கொன்றார்கள், தேடிப்போன தாயையும் தம்பியையும் அயல்வீட்டுக்காரரையும் சேர்த்தே. அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய்தான் 1998இல் நீதிமன்றத்தில் நின்று, செம்மணியில் நூற்றுக்கணக்கில் புதைத்திருக்கிறோம் என்றான். 1999இல் தோண்டியது 15 உடல்களோடு நின்றுபோனது. 2025இல் அதே செம்மணியில் 200க்கும் மேல் எலும்புக்கூடுகள், ஒரு பிள்ளையின் எலும்போடு நீலப் புத்தகப்பை.

புலிகள் செய்யவில்லையா என்பீர்கள். செய்தார்கள், அதையும் விசாரியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி ஐந்து வயதுப் பிள்ளையின் கணக்கைத் தீர்க்க முடியாது. நம்ம ராணுவம் யோக்கியமா என்றும் கேட்பீர்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் சுட்டது நம்ம அமைதிப்படைதான், எழுதும்போதே கூசுகிறது. அதற்கு யார் கூண்டில் ஏறினார்கள்?

இந்தக் கரையில் இருப்பவனுக்கு இதில் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். 1990இல் எங்கள் அப்பா தனுஷ்கோடிப் பக்கம் வத்தைப் படகை நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் சனத்தைக் கைபிடித்துக் கரையேற்றியவர். அதில் ஒரு பெண் தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். உள்ளே வீட்டு உறுதிப் பத்திரமும் தம்பியின் பள்ளிச் சான்றிதழும். சான்றிதழ் இருக்கிறது, தம்பி இல்லை, எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் அக்கா.

பெரியவர், வயசானவர், விட்டுவிடு என்று நேற்றிலிருந்து நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் யாராவது போனீர்களா? நான் இரண்டு தடவை போனேன், கதவு சாத்தியிருந்தது.