38 கோடியே 16 லட்சத்து 54 ஆயிரத்து 729

381654729. இதை "அதிசய எண்" என்று சார்ட்டில் எழுதி வகுப்பில் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விஷயம் இதுதான். 1 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரே ஒரு தடவை வருகிறது. இடப்பக்கமிருந்து முதல் இரண்டு இலக்கம் (38) 2ஆல் வகுபடும், முதல் மூன்று (381) 3ஆல், 3816 நாலால். இப்படியே 9 வரைக்கும் மீதி கிடையாது. இப்படி வேறொரு எண்ணும் இல்லை. விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் "அப்படியா சார்" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணை மறைத்துவிட்டு நிபந்தனையை மட்டும் கொடுங்கள். ஜூலையில் நீலகிரியில் கூடலூர், குந்தா பக்கம் மழைக்கு லீவு விடும் நாளுக்கு ஏற்ற வீட்டுப்பாடம். கரண்ட் போனாலும், டவர் போனாலும் பரவாயில்லை. வகுபடும் விதிகள் தெரிந்தால் போதும்.

மொத்த வரிசைகள் 3,62,880. அதைப் பத்தாகக் குறைக்கலாம். ஐந்தாவது இடம் 5, வேறு வழியில்லை. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்களில் இரட்டை எண்கள். மீதி இடங்களில் ஒற்றை. மூன்றாவது ஒற்றை என்பதால் நாலாவது 2 அல்லது 6தான். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்: "4ஆல் வகுபடணும்" என்றதும் 4ஐயோ 8ஐயோ போட்டுவிடுவார்கள். 14, 34, 78 என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், தானே புரியும். எட்டாவது இடத்துக்கும் அதே 2 அல்லது 6. (ஆறாவது இரட்டை என்பதால் நூறுகள் தானாக 8ஆல் போய்விடும், கடைசி இரண்டைப் பார்த்தால் போதும்.) ஆக இரண்டிலும் ஆறிலும் 4, 8.

அடுத்து 3. முதல் மூன்றின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட வேண்டும். ஆறு இலக்கமும் வகுபட வேண்டுமென்றால் நடு மூன்றும் அப்படியே. நடுவில் 258 அல்லது 654 மட்டுமே தேறும். 258 வைத்தால் இரண்டு எண், 654 வைத்தால் எட்டு.

இந்தப் பத்தை 7ஆல் சலிக்க வேண்டும். குறுக்குவழி தேடாமல் நீள் வகுத்தலே போடட்டும். எல்லோருக்கும் 987654321 மேல்தான் கண் போகும். 9876543ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5, அவுட். 3816547 = 7 × 545221. இது ஒன்றுதான் நிற்கிறது. 9ஆல் வகுத்துப் பார்க்கவே வேண்டாம், ஒன்பது இலக்கத்தின் கூட்டுத்தொகை எப்படியும் 45. எட்டு இலக்கம் மட்டுமே ஏறும் சின்னக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது நல்லதாகவும் போயிற்று.

ஒரே தடவை என்ற நிபந்தனையை விட்டு, 0வையும் சேர்த்துக்கொண்டால் 25 இலக்கம் வரை போகலாம். அந்த நீளத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: 3608528850368400786036725. அதற்குப் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் 26ஆல் வகுபடாது. இதைப் பென்சிலால் தேடச் சொல்லாதீர்கள். பிளஸ் டூ பிள்ளைகளிடம் பைதானில் புரோகிராம் எழுதக் கொடுங்கள். எல்லா 25 இலக்க எண்களையும் சோதிக்கப் போனால் முடியவே முடியாது. தேறிய எண்ணின் பின்னால் மட்டும் ஒவ்வொரு இலக்கமாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.