விசிறியே சுழலாத கணினிக்கு விண்டோஸ் போடச் சொல்கிறார்கள்

பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலவில்லை, ஒரு பீப் ஒலிகூட வரவில்லை, திரை கும்மிருட்டாகவே கிடக்கிறது என்று தொலைபேசியில் மூன்று முறை சொன்ன பிறகும், "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும் சார், ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்று கணினி பழுது பார்க்கும் ஒருவர் பதில் சொன்னால் அவரை என்ன செய்வது? விண்டோஸ் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். எல்லா பாகங்களும் வந்து சேரும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்கு மின்சாரம் வந்து, அது விழித்து, ரேமையும் மற்றவற்றையும் சோதித்து முடித்த பிறகுதான் டிஸ்க்கின் பக்கமே திரும்பும். அடுப்பே பற்றவில்லை என்று நிற்பவனிடம் சாம்பாரில் உப்பு குறைவாக இருக்கும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் கரூரில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். இது நடந்தது சென்ற மாதம் 19ஆம் தேதி காலை. மறுநாள் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள்; தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதிய ஆறு பேருடைய கணக்குகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. பென் டிரைவில் நான் எடுத்து வைத்திருந்த நகல் நான்கு நாள் பழையது. அது என் தவறுதான், மறுக்கவில்லை.

அந்தப் பெட்டியை ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மின்கம்பியைச் செருகினார், பொத்தானை இரண்டு முறை அழுத்தினார், பெட்டியின் பின்புறத்தில் மூக்கை வைத்து ஒருமுறை முகர்ந்தார், "மதர்போர்டு போயிடுச்சு சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கவாட்டு மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. உள்ளே போர்டில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிவதைக் காலையிலேயே பார்த்தேன் என்று சொன்னதற்கு, "அதெல்லாம் எரியும் சார்" என்றார். இந்த போர்டு இப்போது வருவதில்லை, ஆகையால் புது போர்டு வாங்க வேண்டும், அதற்குப் பழைய ப்ராசஸர் சேராது, ரேமும் சேராது என்று ஒவ்வொன்றாகக் கூட்டி 11,500 ரூபாயில் கொண்டுவந்து நிறுத்தினார். டிஸ்க்கில் இருக்கும் கணக்குகளை எடுத்துக் கொடுக்க 1,500 ரூபாய் தனி. வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கியபோது 'செக்கிங் சார்ஜ்' என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். எதைச் செக் செய்ததற்கு? முகர்ந்ததற்கா?

"அதெல்லாம் எரியும்" என்று அவர் தள்ளிவிட்ட அந்த விளக்கில்தான் பாதி விடை இருந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எரிச்சல் தாங்கவில்லை. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறைப்படி, கணினி அணைந்திருக்கும்போதும் பெட்டிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் எஸ்எம்பிஎஸ் என்ற பாகம் ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ட் மின்சாரத்தைப் போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்கு எரிகிறது என்றால் சுவரிலிருந்து போர்டு வரை மின்சாரம் வந்து சேர்கிறது என்று பொருள். நாம் முன்னால் அழுத்தும் பொத்தான் வீட்டு ஃபேன் சுவிட்சைப் போல 230 வோல்ட்டை நேராகத் திறந்து மூடுவதில்லை. அது போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே தருகிறது. போர்டு அந்தச் சைகையைப் பெற்றுப் பச்சைக் கம்பியைக் கறுப்பு நிறக் கிரவுண்ட் கம்பியோடு இணைக்கிறது. அதன்பிறகே எஸ்எம்பிஎஸ் விழித்து 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஆகவே எஸ்எம்பிஎஸ், போர்டு, பொத்தான் என்ற மூவரில் யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

மனம் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான். முப்பது ஆண்டுகள் டிவியும் ரேடியோவும் பழுது பார்த்தவர். கணினியைத் திறந்து பழக்கமே இல்லாதவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "கரன்ட் எதுவரைக்கும் வருது தம்பி?" என்பது. இந்தக் கேள்வியை அன்று முழுவதும் வேறு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. மூடியைக் கழற்றினோம். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் இரும்பிலும் சிவப்பு முனையை ஊதாக் கம்பியின் செருகியிலும் வைத்தார், 5.02 என்று காட்டியது. ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் திரும்பவும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினோம், பயனில்லை. பிறகு போர்டின் கீழ் மூலையில், முன்பக்கப் பொத்தானின் கம்பி வந்து அமரும் இரண்டு ஊசிகளிலிருந்து அந்தக் கம்பியை உருவிவிட்டு, இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டார்.

விசிறி சுழன்றது. பீப் ஒலி வந்தது. திரையில் எழுத்து வந்தது.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ப்ராசஸருக்கும் ரேமுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழு ஆண்டுகளாக நான் தினமும் அழுத்தி அழுத்தி அந்தப் பிளாஸ்டிக் பொத்தானின் உள்ளிருந்த சிறு சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். அதற்கும் அன்று ஒரு காசு செலவாகவில்லை, ஏனென்றால் ரீசெட் பொத்தானும் அதே வகைச் சுவிட்ச்தான். அதன் கம்பியை எடுத்து அந்த இரண்டு ஊசிகளில் செருகிவிட்டோம். இப்போது ரீசெட்டை அழுத்தினால் என் கணினி எழுந்துகொள்கிறது. ஆறு பேருடைய 3பி படிவங்களையும் மறுநாள் மாலைக்குள் தாக்கல் செய்துவிட்டேன்.

மல்டிமீட்டர் விற்கும் கடைக்காரரே மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் 11,500 ரூபாய் என்று ஒரு தொகையைச் சொல்கிறார் என்றால், அது அறியாமையா, சோம்பலா, களவா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றுக்கும் பணம் கொடுப்பவன் நான் ஒருவனே. எத்தனை பேருடைய நல்ல போர்டுகள் இப்படிப் 'போய்', அந்தக் கடைகளின் பின்னறையில் இன்னொருவருக்கு 'செகண்ட் ஹேண்ட்' போர்டாக மறுபிறவி எடுத்திருக்கின்றனவோ! மருந்துக் கடையில் தலைவலி என்று சொன்னதும் தலையை மாற்றச் சொன்னால் அடிக்கப் போவோம். இங்கே மட்டும் "சரி சார், பாத்துப் போட்டுக் குடுங்க" என்கிறோம்.

21ஆம் தேதி அந்தக் கடைக்குத் திரும்பவும் போய், சுவிட்ச்தான் பழுது, மதர்போர்டு அல்ல என்று விளக்கி, என் 300 ரூபாயைக் கேட்டேன். அவர் சற்றும் அசரவில்லை. நான் கொண்டு போயிருந்த பழைய சுவிட்சை விரல்களுக்கு நடுவே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் சுவிட்ச் தனியா வராது சார், கேபினெட்டையே மாத்திடலாம்" என்றார்.