தராசு அண்ணன் எழுதுகிறேன்

வீட்டிலேயே வெல்டு வைத்துச் செய்து, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போன டிரெய்லர் ஆடி ஆடிக் கவிழ்ந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி பகிரப் போவதில்லை. ஓட்டியவருக்கு அடி இல்லை, அதுவே பெரிது. என் எரிச்சல் அவர் மேல் இல்லை, கீழே குவிந்த கமெண்ட்டுகள் மேல். "வீட்ல வெல்டு வெச்சா இப்படித்தான்." "நாலு குழாயை ஒட்டிட்டு டிரெய்லர்னு சொன்னா எப்படி?" நான் கேட்டது ஒரே கேள்வி: மூக்கு எடை, அதாவது டிரெய்லரின் முன்முனை இழுக்கும் வண்டி மேல் அழுத்தும் எடை, எவ்வளவு இருந்தது? சிரிப்பு எமோஜிகள் வரிசை கட்டின. "தராசு அண்ணன் வந்துட்டாரு" என்று பட்டமும் கிடைத்தது. சந்தோஷம்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் உடையவில்லை. முன்னால் நீளும் இழுவைக் கம்பியான டோ பார் வளையவில்லை. கவிழ்ந்து கிடக்கும்போதும் ஹிட்ச், அதான் வண்டியோடு மாட்டும் இணைப்பு, மாட்டியபடியே இருக்கிறது. அவர் வைத்த வெல்டு நின்றது, ஏற்றிய சாமான்தான் கவிழ்த்தது. புறப்படும் முன் அவரே போட்ட படத்தில் பின் கதவில் ஸ்டெப்னி, அதன் இரண்டு பக்கமும் 20 லிட்டர் தண்ணீர் கேன்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும். அதைத்தான் மூக்கு எடை என்கிறேன். 600 கிலோ டிரெய்லர் என்றால் குறைந்தது 60 கிலோ. இப்போது ஒரு கணக்கு. பின் கதவில் எதுவும் மாட்டாதபோது மூக்கில் 45 கிலோ இருந்தது என்று வையுங்கள். ஸ்டெப்னி 28 கிலோ, தண்ணீர் 40, ஆக 68 கிலோ. இது ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. ஹிட்ச் ஆக்ஸிலுக்கு 2.4 மீட்டர் முன்னால். நெம்புகோல்தான்: 68 கிலோவில் பாதி, அதாவது 34 கிலோ, மூக்கிலிருந்து கழிந்துவிடும். மிச்சம் 11. கேன்களின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. 11 கிலோவை வைத்துக்கொண்டு இறக்கத்தில் 90-ல் போனால், எந்தக் கம்பெனி முத்திரை குத்திய டிரெய்லரும் வாலாட்டும், இடமும் வலமும் ஆடும்.

"ஐரோப்பாவுல காரவானுக்கு 5-லிருந்து 7 சதவீதம் போதும்னு சொல்றாங்களே?" சொல்கிறார்கள். சரி, 7 என்றே வைத்துக்கொள்வோம். 11 கிலோ என்பது 2 சதவீதம்கூட இல்லை ஐயா.

"அப்போ முன்னாடி ஒரு 50 கிலோ போட்டு ஈடுகட்டிடலாமே?" இது மட்டும்தான் மதிக்கத்தக்க கேள்வி. தராசில் எண் சரியாக வந்துவிடும், ஆனால் ஆட்டம் போகாது. ஒரு கம்பின் இரண்டு நுனியிலும் குண்டு கட்டிச் சுழற்றுங்கள். அதே குண்டுகளை நடுவில் கட்டிச் சுழற்றுங்கள். நுனியில் கட்டியதை நிறுத்தத்தான் கை வலிக்கும். டிரெய்லரும் அப்படித்தான். தண்ணீர், பேட்டரி, டூல் பாக்ஸ் எல்லாம் ஆக்ஸிலுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ, தரையோடு தாழ்வாக. ஸ்டெப்னி டோ பார் மேல். பின் கதவுப் பக்கம் மெத்தை, கூடாரம், துணிமணி.

"வேகம்தான் காரணம்" என்கிறவர்களுக்கு: ஆமாம், வேகமும்தான். எந்த டிரெய்லருக்கும் ஆட ஆரம்பிக்கும் வேகம் ஒன்று உண்டு. மூக்கு லேசாக லேசாக அந்த வேகம் கீழே இறங்கி வரும். ஆட்டம் தொடங்கியதும் அவர் பிரேக்கை மிதித்தார், பயத்தில் எல்லோரும் செய்வதுதான். முன்வண்டி வேகம் குறைய, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளியது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். வீடியோவைப் பார்த்துக்கொண்டு நான் சொல்லிவிடலாம், அந்த நொடியில் கால் கேட்காது. அதனால்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்: கிளம்பும் முன்னால் எடை போடுங்கள்.

"நாங்க ஆஃப்ரோடுல மெதுவாத்தானே போறோம்?" காட்டுப் பாதை வரைக்கும் தார் ரோட்டில் வேகமாகத்தானே போகிறீர்கள்?

எடை போட வொர்க்‌ஷாப் வேண்டாம். சமதளத்தில், முழுச் சாமானோடு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒரு கனமான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், 90 சென்டிமீட்டர் தள்ளி மறுபக்கத்தைப் பாத்ரூம் எடை மெஷின் மேலும் வையுங்கள். செங்கலிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒரு கட்டையை நிறுத்தி அதன் மேல் மூக்கை இறக்குங்கள். இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே மூக்கு நிற்க வேண்டும். மூக்கை இறக்கும் முன், வெறும் பலகையும் கட்டையும் மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டியதைக் கழித்து, மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள். பத்து நிமிஷ வேலை. இதற்கா அத்தனை சிரிப்பு?

கம்பெனி டிரெய்லரில் நல்லது இல்லை என்று சொல்லவில்லை. ஆக்ஸிலுக்கு எத்தனை கிலோ என்று தகடு அடித்திருப்பார்கள், அது நமக்குக் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். என் முதல் டிரெய்லரில் பெட்டியின் முன் விளிம்போடு டோ பாரை நிறுத்தி, குறுக்கே ஒரு வெல்டு வைத்திருந்தேன். சேற்றைக் கழுவும்போது அந்த வெல்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல். வளைவு விசை முழுக்க அங்கேதான் வந்து குவியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது டோ பார் சேசிஸுக்கு அடியில் ஸ்பிரிங்கின் முன்முனையைத் தாங்கும் ஹேங்கர் வரை ஓடுகிறது, வெல்டு எல்லாம் நீளவாக்கில். கற்றுக்கொண்டால் வரும். ஆனால் தகடு அடித்த டிரெய்லருக்கும் பேரிங் கிரீஸ் தானாக ஏறாது. சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப் சூடாக இருக்கும்போதே ஆற்றில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் கலந்து கிரீஸ் பால் நிறமாகிவிடும். ஹப்பை ஆறவிட்டு இறக்கச் சொன்னால் "நேரமாகுது ப்ரோ". சக்கர நட்டையும், ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டையும் முதல் 100 கிலோமீட்டரில் மறுபடி முறுக்கச் சொன்னால் "நீங்க ரொம்பப் பயமுறுத்துறீங்க".

உண்மையைச் சொல்கிறேன், பட்டம் வைத்தது வலிக்கவில்லை. வைத்தவர் யார் என்பதுதான் வலித்தது. போன வருஷம் அதே டோ பார் அளவுகளை இன்பாக்ஸில் கேட்டு, நான் வரைந்து கொடுத்த தாளைப் பார்த்துத்தான் அவர் தன் டிரெய்லரைச் செய்தார். அதே மனிதர் "வீட்ல வெல்டு வெச்சா" கமெண்ட்டுக்கு லைக் போட்டிருக்கிறார். அவர் வீட்டு வெல்டு மட்டும் எந்த ஆலையில் வைத்ததாம்?

"எங்க டிரெய்லர் நல்லாத்தான் போகுது" என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பக்கத்திலேயே மூக்கு எடை எத்தனை கிலோ என்றும் போடுங்கள். மெஷின் படத்தோடு.