மில்லிமீட்டர் பிசகாத திறந்த போட்டி

எங்கள் நிறுவனம் தோற்ற அந்த இரத்தப் பகுப்பாய்வுக் கருவி டெண்டரில் நடந்தது போட்டியே இல்லை என்று நான் இரண்டு வரி எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். “நான்கு நிறுவனங்கள் கலந்துகொண்டன, குறைந்த விலை சொன்னவருக்குக் கிடைத்தது, இதில் என்ன குறை?” என்கிறார்கள். நான்கு பேர் வந்தது உண்மைதான். அதில் மூன்று பேரை, விலை உறையைப் பிரிக்கும் முன்பே, தொழில்நுட்பச் சுற்றிலேயே வெளியேற்றியதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மிச்சமிருந்த ஒருவரின் விலைதான் அந்தக் ‘குறைந்த விலை’.

விலை உறையைப் பிரிக்கும் நாளில் போட்டி சாவதில்லை. கருவி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விவரக்குறிப்பை எழுதும் மேசையிலேயே அதன் கதை முடிந்துவிடுகிறது. கருவியின் அகலம், திரையின் அளவு, மூடியின் நிறம் வரை எல்லாம் ஒரே நிறுவனத்தின் விற்பனைக் கையேட்டில் உள்ளபடியே. நிறம் மாறினால் சர்க்கரை அளவைத் தப்பாகக் காட்டுமா? மாப்பிள்ளையை நிச்சயித்துவிட்டுச் சுயம்வரத்துக்கு ஓலை அனுப்புகிறார்கள்.

இது என் சொந்தப் புலம்பல் மட்டுமல்ல. அரசுக் கொள்முதலுக்கென ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 2011இல் தந்த மாதிரிச் சட்டமே, குறிப்பிட்ட வணிகப் பெயரையோ தயாரிப்பாளரையோ சுட்டக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்த்தாக வேண்டும் என்கிறது. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள்!

முன்பு ஒரு டெண்டரில், கையேட்டில் இருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே விவரக்குறிப்பில் வந்திருந்தது. விலை கொடுக்கும் முன் சந்தேகம் கேட்க நடத்தும் முன்கூட்டத்தில் எழுந்து, இந்த அளவு எந்தப் பரிசோதனைக்குத் தேவை என்று கேட்டேன். “ஏன், உங்கள் கருவியில் இல்லையா?” என்றார் அதிகாரி. அறை முழுக்கச் சிரித்தது.

“தரம் வேண்டாமா?” வேண்டும் ஐயா. மணிக்கு எத்தனை மாதிரிகள், பிழை எவ்வளவுக்குள், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்று எழுதுங்கள். முடியாதவன் ஒதுங்கிக்கொள்வான். கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு, பரிசோதனைக்குத் தேவையான வேதிப்பொருளான ரீஏஜென்ட்டைத் தன்னிடம் மட்டுமே வாங்க வைத்து ஆண்டுக்கணக்கில் கறப்பவர்களையும் அப்போது கணக்கில் எடுங்கள். அவசரக் கொள்முதல் வேறு விஷயம், அதில் எனக்குச் சண்டையில்லை.

“தோற்றவன் புலம்புகிறான்” என்று எழுதியவருக்கு: தோற்றவன்தானே புகார் சொல்வான், வென்றவரா வந்து சொல்வார்? இத்தனை ஆண்டு என்னோடு பழகிய நீங்களும் அந்த வரிக்கு விருப்பக்குறி போட்டிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

அடுத்த டெண்டருக்குப் போவதா வேண்டாமா என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறது. போகாவிட்டால், போதிய போட்டி இல்லை என்று அதிகாரிகள் கோப்பில் எழுதி, வேண்டிய நிறுவனத்துக்கே நேரடியாகக் கொடுத்துவிடலாம். போனால், டெண்டரில் கலந்துகொள்ளக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையையும் கட்டிவிட்டு, போட்டி நடந்ததற்கு நாங்களே சாட்சி.