கதவைப் பார்க்காமல் பட்டையை விற்காதீர்கள்

"500 கிலோ தாங்கும்." வீட்டில் மேலே மாட்டி, கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து உடல் எடையையே பாரமாக்கிப் பயிற்சி செய்யும் பட்டை, அதாவது ஊரில் எல்லாரும் டிஆர்எக்ஸ் என்றே கேட்டு வாங்குகிற அந்தச் சாதனம், ஆன்லைனில் விற்கிற இடமெல்லாம் இந்த ஒரு வரிதான் கொட்டை எழுத்தில் நிற்கிறது. எது தாங்கும்? பட்டையா, தையலா, பக்கிளா, மேலே மாட்டுகிற கொக்கியா? 500 கிலோவில் அறுந்து போகுமா, இல்லை தினமும் 500 கிலோவைத் தொங்கவிடலாமா? ஒரு பொருள் அறுந்து போகிற எடை வேறு, நம்பிப் பயன்படுத்தக்கூடிய எடை வேறு. இரண்டுக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி விட வேண்டும் என்பது பாரம் தூக்கும் சாதனம் செய்கிற எவருக்கும் தெரிந்த பாலபாடம். அதைச் சொல்லாமல் வெறும் எண்ணைப் போட்டு விற்பது மோசடி.

அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், பட்டை தாங்கினால் மட்டும் போதுமா? பட்டையை மாட்டுகிற கதவு தாங்க வேண்டாமா? இந்தச் சாதனத்தில் முதலில் தோற்கிற இடம் பெரும்பாலும் பட்டை அல்ல, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடம். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படத்தில் ஒரு வெள்ளைக் கதவு, சிரித்துக்கொண்டே சாய்கிற ஒரு மாடல், அவ்வளவுதான். நம் வீட்டுக் கதவு எப்படி இருக்கும் என்று அந்தப் பெட்டியை இறக்குமதி செய்தவருக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன் எழுந்து போய்க் கதவைப் பாருங்கள். பட்டையோடு வரும் டோர் ஆங்கர் என்பது ஒரு சிறு பட்டை, அதன் நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு குமிழ். குமிழைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளி, கதவின் மேல் விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே பட்டையை விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். நீங்கள் இந்தப் பக்கம் நின்று இழுப்பீர்கள். இழுக்கும்போது கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அதாவது உங்களிடமிருந்து விலகித் திறக்கிற கதவு. நம் வீடுகளில் படுக்கையறைக் கதவுகள் பெரும்பாலும் அறைக்கு உள்ளே திறக்கின்றன. அப்படியானால் ஹாலில் நின்றுதான் இழுக்க வேண்டும், அறைக்குள் நின்று இழுக்கக் கூடாது. அறைக்குள் நின்றால் உங்கள் எடை முழுவதும் ஒரு தாழ்ப்பாளின் நாக்கில் தொங்கும். நாலு திருகாணியில் நிற்கிற நாக்கு அது. கதவு படாரென்று திறந்து, மல்லாக்க விழுந்து, பின்மண்டை டைல்ஸில் மோதும். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற இந்த ஒரே வாக்கியத்தைப் பெட்டியின் மேல் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

சரி, பக்கம் சரியாக இருக்கிறது. இப்போது நிலையைப் பாருங்கள். பழைய வீடுகளில் தேக்கிலோ வேங்கையிலோ நிலை செய்து, கதவு வந்து உட்காரும் பள்ளத்தை அந்த மரத்திலேயே செதுக்கியிருப்பார்கள். அது நிற்கும். புது அபார்ட்மென்ட்களில் ரெடிமேட் நிலை. கதவைத் தடுத்து நிறுத்துகிற விளிம்பு தனியாக ஒரு பீடிங், சன்ன ஆணி அடித்து ஒட்டியது. நீங்கள் இழுக்கிற இழுப்பு முழுவதும் அந்தப் பீடிங்கின் மேல்தான் வந்து விழுகிறது. விரல் நகத்தை விட்டுப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் அந்தக் கதவை மறந்துவிடுங்கள்.

கதவின் உடம்பும் முக்கியம். கையால் நடுவில் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்று ஓசை வருகிறதா? உள்ளே கூடு, மேலே மெல்லிய பிளைவுட். குமிழ் அழுத்துகிற இடத்தில் குழி விழும், நாளடைவில் பிளை பிளந்துகொள்ளும். பாத்ரூமில் போடுகிற பி.வி.சி. கதவில் மாட்டவே கூடாது, யார் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் கூடாது. இரட்டைக் கதவும் வேண்டாம், நடுவில் இரண்டு இறக்கையும் சேர்கிற இடம் ஒரு டவர் போல்ட்டை நம்பி நிற்கிறது. கீல்களைப் பாருங்கள்: மூன்று கீல், எல்லாத் திருகாணியும் இறுக்கம், கதவை மேலே தூக்கிப் பார்த்தால் ஆட்டம் இல்லை என்றால்தான் தேறும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மரக்கதவு உப்பும். கோடையில் சுகமாக நுழைந்த பட்டை அப்போது நுழையாது. அதற்காக ஓங்கி அறைந்து சாத்தினால் பட்டையின் நூல் நசுங்கும், கீல் திருகாணி தளரும். விளிம்பை இழைப்புளி போட்டுச் சரிசெய்ய ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்கள், அறையாதீர்கள்.

இன்னொன்று, உயிர் போகிற விஷயம். நீங்கள் சாய்ந்திருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கதவைத் திறந்தால்? உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து கைப்பிடியைத் திருப்பினால்? பூட்டக்கூடிய கதவாக இருக்க வேண்டும், பூட்டிச் சாவியை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

உயரக் கணக்கு வேறு. பட்டையைத் தரையிலிருந்து 7 அடி முதல் 9 அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும் என்பது பொதுவான அளவு. நம் கதவுகள் ஏறக்குறைய 7 அடி. ஆக நாம் கீழ் எல்லையில் நிற்கிறோம். பட்டையை முழுக்கக் குட்டையாக்கினாலும் கைப்பிடி தாழ்வாகவே தொங்கினால் ரோயிங், அதாவது பின்னால் சாய்ந்து நின்று உடலைக் கைப்பிடியை நோக்கி இழுக்கிற பயிற்சி, செய்ய முடியாது, முட்டி மடக்கி உட்கார்ந்து இழுக்க வேண்டியதுதான். நீளமான மலிவுப் பட்டைகளில் இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது. குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதிகபட்ச நீளத்தைத்தான் பெருமையாகப் போட்டிருப்பார்கள். கால் மாட்டிச் செய்யும் பிளாங்க் போன்றவற்றுக்குக் கால்பட்டை கெண்டைக்கால் நடுமட்டத்தில் தொங்க வேண்டும். இரண்டு எல்லையும் எட்டினால்தான் அந்தப் பட்டை உங்கள் வீட்டுக்கு ஆகும்.

"கதவு வேண்டாம், ஃபேன் கொக்கியில் மாட்டிவிடுகிறேன்" என்று கிளம்புகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கொக்கி ஸ்லாப் கம்பியோடு ஒழுங்காகக் கட்டப்பட்டதா, எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று கீழிருந்து யாருக்கும் தெரியாது. மின்சார வயரும் அதே டப்பாவில்தான் ஓடுகிறது. ஃபேன் ஒரே இடத்தில் நின்று சுற்றுகிற பாரம். நீங்கள் முன்னும் பின்னும் ஆட்டி இழுக்கிற பாரம். ஃபால்ஸ் சீலிங்கில் திருகாணி போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, அது ஜிப்சம் அட்டை.

சொந்த வீடாக இருந்தால் நிரந்தரமாக ஒரு ஆங்கர் போடுவதே நல்லது. ஆர்.சி.சி. பீமின் பக்கவாட்டு முகத்தில், துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்கிற 10 மில்லி எக்ஸ்பான்ஷன் போல்ட் குறைந்தது இரண்டு. பூச்சு கணக்கில் வராது. அதைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று போல்ட் தயாரிப்பாளர் சொல்கிறாரோ அவ்வளவு இறங்க வேண்டும். டிரில் போடும்போது கம்பியில் தட்டினால் இடத்தை மாற்றுங்கள், கம்பியை அறுக்காதீர்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் போடாதீர்கள். புதுக் கட்டடங்களில் வருகிற இலகு பிளாக் சுவரில் சாதாரண போல்ட் பிடிக்கவே பிடிக்காது, விரிய விரியப் பிளாக் நொறுங்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து நாலு பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டுகிற வேலை அல்ல இது.

வாடகை வீடா? மொட்டை மாடித் தூண், இரும்புப் படிக்கட்டின் கனமான குழாய், வாசலில் நிற்கிற வேப்பமரத்தின் தடித்த கிளை, எல்லாம் கதவைவிட நல்ல இடங்கள். சதுரத் தூணின் முனை பட்டையை அறுக்கும், சாக்கை நாலாக மடித்து முனையில் கொடுங்கள். ஜன்னல் கிரில் வேண்டாம், வெல்டிங் பொட்டு விட்டுவிடும்.

இப்போது பட்டைக்கு வருவோம். 1997இல் அமெரிக்கக் கடற்படையின் சீல் படைவீரர் ராண்டி ஹெட்ரிக் ஜியு-ஜிட்சு பெல்ட்டையும் பாராசூட் பட்டையையும் சேர்த்து முதலில் செய்தது இது. பாராசூட் பட்டை! ஆள் உயிரை நம்பித் தொங்குகிற துணி. அதன் நகலை இன்று பாலிப்ரோப்பிலீனில், பள்ளிப் பைக்குப் போடுகிற நாடாவில் தைத்து விற்கிறார்கள். அது வெயிலில் சீக்கிரம் நைந்து தூளாக உதிரும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. பட்டையின் நுனியிலிருந்து பிரிந்த நூல் ஒரு துண்டு எடுத்து, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் காற்றுக்குமிழி போக அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

மேலே மாட்டும் கேரபினரை, அதாவது வாய் திறந்து மூடுகிற உலோகக் கொக்கியை, கையில் எடுத்துப் பாருங்கள். மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவதில் கிலோநியூட்டன் அளவு உலோகத்திலேயே பொறித்திருக்கும்: நீளவாக்கில், குறுக்குவாக்கில், வாய் திறந்த நிலையில் என மூன்று எண்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 12275இன் சாதாரண வகைக்கு முறையே 20, 7, 7 குறைந்தபட்சம். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 102 கிலோ எடை. உங்கள் பெட்டியில் வந்ததில் எண்ணே இல்லையென்றால் அது சாவிக்கொத்து மாட்டத்தான் லாயக்கு. பட்டையை வைத்துக்கொண்டு கேரபினரை மட்டும் நல்லதாக வாங்கி மாற்றுங்கள்.

அடுத்து, இந்தச் சந்தையில் எனக்கு ஆறாத கோபம் உண்டாக்குகிற பகுதி: மேல் வளையம். நல்ல பட்டையில் இரண்டு கைப்பிடியின் பட்டையும் மேலே ஒரு வளையத்தில் பூட்டியது போல நிற்கும், ஒரு கைப்பிடியை இழுத்தால் மறு கைப்பிடி ஏறாது. மலிவானவற்றில் ஒரே பட்டை வழுவழுவென்று வளையத்துக்குள் ஓடும். புஷ்-அப் செய்யும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் மறு பக்கம் சரேலென்று ஏறித் தோள்பட்டை பிசகும். வேண்டுமென்றே கப்பி வைத்து ஓடவிடுகிற தனி வகை இருக்கிறது, கைதேர்ந்தவர்களுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் இரண்டையும் ஒரே பெயரில், ஒரே படத்தில், "ஆரம்பநிலையினருக்கு ஏற்றது" என்று போட்டு விற்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தேடினால் நடுநடுவே ரப்பர் டியூப்களும் இதே பெயரில் வருகின்றன. ரப்பர் நீளும், அறுந்தால் முகத்தில் அடிக்கும், அதில் உடல் எடையைச் சாய்க்கக் கூடாது.

பக்கிள் பல் வைத்துக் கடிக்கிற வகை. ஸ்பிரிங் தளர்ந்தால் வியர்வை பட்ட பட்டை மெல்ல மெல்ல வழுக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் அந்த ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். நீளம் சரிசெய்ததும் இரண்டு கைப்பிடிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, சில செட் முடித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று இறங்கியிருந்தால் அந்தப் பக்கிள் போய்விட்டது. கைப்பிடியில் பஞ்சு உறை வேண்டாம், நம் ஊர் வியர்வையை உறிஞ்சி நாறும், பிறகு பிய்யும். ரப்பர் உறை வாங்குங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாய் மழுங்கலாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், கூர்மையாக இருந்தால் அது வழியே போகும் நாடாவை அறுத்துவிடும். கால் வைக்கத் தனி வளையம் இல்லாதது வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் மாட்டியதும் நேராகப் படுத்துவிடாதீர்கள். கையை நீட்டிப் பிடித்து லேசாகச் சாயுங்கள், காலை ஓரடி முன்னே வையுங்கள், மறுபடி ஓரடி. நிலை முனகுகிறதா, குமிழ் நழுவுகிறதா என்று கேளுங்கள், பாருங்கள். உடல் கிடையாகச் சாயச் சாய எடையில் அதிகப் பங்கு பட்டையில் விழும். வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் ஏறும்.

உறுதியான குறுக்குக் கம்பி கைவசம் இருப்பவர்கள் இந்தப் பட்டைக்குப் பதிலாக ஜிம்னாஸ்டிக்ஸ் மர வளையங்களை வாங்கலாம். 28 மில்லி தடிமன், இரண்டு தனிப் பட்டை, ஓடுகிற தொல்லையே இல்லை. ஆனால் கம்பிக்காக வாசலில் மாட்டுகிற புல்-அப் பார் வாங்கப் போகாதீர்கள். அந்தக் கொக்கி வகை, நிலைக்கு மேலே சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் மரச் சட்டத்தில் உட்காரும்படி செய்தது. நம் பூச்சு வேலையில் நிலையும் சுவரும் ஒரே மட்டம், கொக்கி உட்கார இடமே கிடையாது. அதையும் இங்கே கூச்சமில்லாமல் விற்கிறார்கள்.

தையல் பிரிந்தாலோ பட்டையில் நூல் பஞ்சாக எழும்பினாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்து ஓட்டாதீர்கள், பழைய பொருள் விற்கும் செயலியில் போட்டுக் காசாக்காதீர்கள். கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய் வீட்டுக் கதவில் மாட்டுவார்கள்.