பழகிக்கொள்ளும் வேலை யாருடையது?

'சகிப்புத்தன்மை' என்ற சொல் எனக்குப் பிடிப்பதே இல்லை. பல்வலியைச் சகித்துக்கொள்ளலாம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஃபோன் பேசுபவரைச் சகித்துக்கொள்ளலாம். வேறு மொழி பேசுகிற, வேறு சாமி கும்பிடுகிற மனிதரையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டு, அதைப் பெருந்தன்மை என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் குழுவில் வேற்று நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயரின் பின்பாதி எங்கள் வாயில் நுழையவில்லை. முன்பாதியை மட்டும் வைத்துக் கூப்பிட்டோம். சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பார். நாலு வருடம் கழித்து, வேலையை விட்டுப் போகிற நாளில் பேச்சுவாக்கில் சொன்னார், அந்த முன்பாதி அவர் அப்பாவின் பெயராம். நல்ல நட்போடு பழகுகிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யோசித்தால், எங்கள் மொழியில் பேசியது அவர், எங்கள் பண்டிகைகளுக்கு வாழ்த்துச் சொன்னது அவர், புரியாத நகைச்சுவைக்கும் சேர்ந்து சிரித்தது அவர். பழகிக்கொள்ளும் வேலை முழுவதையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார்.

நாகரிகங்கள் மோதுமா என்று 1993-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது. 1996-இல் அது புத்தகமானபோது கேள்விக்குறி காணாமல் போயிற்று. மோதல் வேண்டாம், உரையாடல் நடக்கட்டும் என்று அன்றைய ஈரான் அதிபர் காத்தமி சொல்ல, ஐ.நா. சபை 2001-ஐ நாகரிகங்களின் உரையாடல் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். இரண்டு பேச்சிலும் எனக்கு ஒரே குறைதான். நாகரிகம் எங்கேயும் எழுந்துபோய் யாரையும் சந்திப்பதில்லை. ஆள்தான் போகிறான், பிழைப்புக்காக.

இத்தாலியின் பைசா நகரத்துக் கணித அறிஞர் லியோனார்டோ (ஃபிபோனச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும்) அப்படிப் போனவர்தான். அப்பாவுக்கு வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் வேலை. அங்கே இந்திய எண்களைக் கற்றுக்கொண்டு 1202-இல் எழுதிவைத்தார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்தும், 1299-இல், புளோரன்ஸ் நாணய மாற்றுக்காரர் சங்கம் இந்த எண்களில் கணக்கெழுதக் கூடாது என்று தன் ஆட்களுக்குத் தடை போட்டது. 'சூன்யம்' அரபியில் 'ஸிஃபர்' என்று மொழிபெயர்ந்து, லத்தீன் வழியாக உருமாறி, 'ஜீரோ'வாக நம்மிடமே திரும்பியிருக்கிறது. நாம் அதை வெளிநாட்டுச் சொல் என்கிறோம்!

சரி, அடுத்தவர் மொழியைக் கற்றுக்கொண்டால் எல்லாம் நேராகிவிடுமா? அப்படியும் இல்லை. கொழும்பு அருங்காட்சியகத்தில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் ஒன்று இருக்கிறது. 1409 தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் வணக்கம். மூவருக்கும் காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். எவ்வளவு மரியாதை! ஆனால் 1411-க்குள் அதே தளபதி அந்தத் தீவின் ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். கல்லோ பிற்காலத்தில் இலங்கையின் காலி (Galle) நகரத்தில் வடிகால் மூடியாகக் கிடந்து, 1911-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. மூன்று மொழியில் பணிவு, கப்பலில் படை. இன்றைய பண்பாட்டுத் தூதுக்குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஐ.நா.வின் 2024 கணக்குப்படி, பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் சுமார் 30 கோடிப் பேர். வந்தவருக்கு மொழித்தேர்வு, குடியுரிமைத் தேர்வு எல்லாம் வைக்கும் நாடுகள் நிறைய. ஏற்கெனவே இருப்பவருக்கு ஒரு தேர்வும் கிடையாது. இருந்திருந்தால் நான் முதல் கேள்வியிலேயே தோற்றிருப்பேன்.

அந்தப் பழைய சக ஊழியருக்குப் போன வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பினேன், முழுப் பெயரையும் சொல்லி. பதிலுக்கு அவரே தன் பெயரை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறார். நடுவில் ஓர் எழுத்து எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.